குழந்தைப் பொறுப்பு (இந்தியக் குடும்பச் சட்டம்)

கணவனும் மனைவியும் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்வதே குழந்தைப் பொறுப்பு. பிள்ளையை உடன் வைத்து வளர்ப்பது ஒன்று. அதன் சொத்துக்கும் சட்டக் காரியங்களுக்கும் காப்பாளராக, வழக்கில் சொல்வதுபோல் 'கார்டியனாக', இருப்பது வேறு. தாயிடம் வளரும் பிள்ளைக்குத் தந்தையே காப்பாளராக நீடிப்பது இந்தப் பிரிவினையால்தான்.

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் பிள்ளைகள் மேல் உரிமை முழுவதும் தந்தைக்கே. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய் நீதிமன்றம் போக அங்கே 1839-இல்தான் வழி பிறந்தது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் இரு குரல்கள் கேட்கின்றன. பிள்ளையின் நலனைப் பார், விவரம் தெரிந்த வயதென்றால் அதன் விருப்பத்தையும் கருது என்கிறது 17-ஆம் பிரிவு. தகுதியற்றவர் அல்லாத தந்தை உயிரோடிருக்கையில் வேறு காப்பாளரை நியமிக்காதே என்றது 19-ஆம் பிரிவு. பின்வந்த நூறாண்டுத் தீர்ப்புகள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே.

அதன் புகழ்பெற்ற தொடக்கம் சென்னையில் நடந்தது. அடையாறு பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா, தம் மகன்களான ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் காப்பையும் 1910-இல் சபையின் தலைவர் அன்னி பெசன்ட்டிடம் எழுதிக் கொடுத்தார். மனம் மாறி 1912-இல் திரும்பக் கேட்டபோது சிறுவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர் வாதாட, பெசன்ட் தாமே தமக்காக வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றம் 1913-இல் தந்தை பக்கம் தீர்ப்பளித்தது. 1914-இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்துசெய்தது. தந்தை தந்த அனுமதியை அவரே திரும்பப் பெறலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்குத் தொடங்கிய செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு, சீமையில் வசிக்கும் சிறுவர்கள் மேல் அதிகாரமில்லை. அவர்கள் வழக்கில் சேர்க்கப்படவும் இல்லை என்றது. யாரைப் பற்றிய வழக்கோ அவர்களுக்கே அதில் இடமில்லாதிருந்ததை உச்ச மன்றம் ஒன்று குறையாகக் கண்டது என்பதே இத்தீர்ப்பின் பெருமை.

விடுதலைக்குப் பின் வந்த 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதல் காப்பாளராகவும், அவருக்குப் பின் தாயையும் வைத்தது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்றது. நலனே தலையாயது என்று 13-ஆம் பிரிவில் சொல்லவும் செய்தது. முஸ்லிம் சட்டத்தில் சிறுபிராயத்தில் வளர்க்கும் உரிமை தாய்க்கும், காப்பாளர் உரிமை தந்தைக்கும் உரியன; வயது வரம்பு மத்ஹபுக்கு மத்ஹபு (சட்டப் பள்ளிக்குப் பள்ளி) மாறும்.

1973-இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு கிறித்தவக் குடும்ப வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைப் பொறுப்பு வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் சொற்கள் அவை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, ரிசர்வ் வங்கி தந்தையின் கையெழுத்தைக் கேட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1999-இல் தீர்ப்பு வந்தது: தந்தை இறந்தால்தான் தாய் காப்பாளர் என்பதில்லை, தந்தை பிள்ளையைக் கவனிக்காதிருந்தாலும் தாயே காப்பாளர் ஆகலாம். 2010-இல் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தாயும் சேர்க்கப்பட்டார். மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிக்காமலே காப்பாளராகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களே இவ்வழக்குகளை இப்போது பெரும்பாலும் விசாரிக்கின்றன. பிள்ளையைப் பார்க்கும் நாள், இடம், நேரத்தையும் அவை குறித்துத் தருகின்றன. காலதாமதம்தான் இங்குள்ள பெரிய அநீதி. வழக்கு இழுக்க இழுக்க, பிள்ளை இருக்கும் இடத்தில் வேரூன்றிவிடுகிறது. அந்த இருப்பே பல நேரம் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டமாக்கும்படி இந்திய சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அவ்வாறு ஒரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் தந்தையையே முதலில் வைத்திருக்கிறது.