விசுவாசமும் அதன் கனியும்: ஹாலே முதல் திருநெல்வேலி வரை ஒரு வரலாற்று ஆய்வு

ஒருவர் கிறிஸ்துவை மெய்யாகவே விசுவாசிக்கிறார் என்பதற்கு அவர் அறிக்கையிடும் கொள்கை போதிய சான்றா, அவருடைய அன்றாட நடத்தை சான்றா என்னும் வினா கிறிஸ்தவ சமயம் தோன்றிய காலம் முதலே இருந்துவருகிறது. மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் மரத்தை அதன் கனியைக் கொண்டு அறியச் சொல்கிறது. கலாத்தியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடியும் ஒன்பது பண்புகளை ஆவியின் கனியாக வகுக்கிறது. யாக்கோபின் நிருபம் செயலற்ற விசுவாசத்தை உயிரற்றதாகக் கருதுகிறது. இவற்றை எல்லாத் திருச்சபைகளும் ஏற்றுக்கொண்டாலும், எதைக் கனி என்று கொள்வது, அதை அளக்கும் உரிமை யாருடையது என்பவற்றில் காலந்தோறும் கருத்து வேறுபட்டே வந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் எழுந்து, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளில் வேரூன்றிய ஒரு சமய மரபில் இக்கருத்து எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உள்ளத்தைச் சோதிப்பதில் தொடங்கிய இந்த அளவுகோல், பிறருக்குச் செய்யும் தொண்டாகவும், பின்னர் சகவிசுவாசியோடு ஒரே பந்தியில் அமரும் பொதுவாழ்வாகவும் விரிந்தது என்பதும், ஒவ்வொரு விரிவுக்கும் காரணமானவர்கள் பெரும்பாலும் சபையின் அதிகாரத்துக்கு வெளியிலோ கீழிலோ இருந்தவர்கள் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. ஜெர்மானியப் பின்னணி

லுத்தரன் திருச்சபையின் மையப் போதனை, மனிதர் தம் நற்செயல்களால் அன்றி விசுவாசத்தினால் மட்டுமே கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுகிறார் என்பதாகும். அதே திருச்சபையின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தன் 6ஆம் பிரிவில், அத்தகைய விசுவாசம் நற்கனிகளைத் தந்தே ஆகவேண்டும் என்றும் வரையறுத்திருந்தது. ஆனால் அடுத்த நூறாண்டுகளில் எழுந்த கொள்கைப் பூசல்களில் முதற்பகுதி பெற்ற அழுத்தத்தை இரண்டாம் பகுதி பெறவில்லை. சரியான உபதேசத்தை அறிந்து, ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் பங்கேற்பவர் நல்ல கிறிஸ்தவர் என்ற நிலை உருவாயிற்று. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று அழித்ததைக் காட்டியபின், இந்த நிலையின் போதாமை வெளிப்படையாயிற்று.

போருக்கு முன்பே யோகான் ஆர்ண்ட் 'மெய்க் கிறிஸ்தவம்' என்னும் பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல், கிறிஸ்துவைப் பற்றி அறிவதைவிடக் கிறிஸ்துவைப் போல் வாழ்வதே முதன்மையானது என வற்புறுத்தியது. அவருடைய பிரசங்கத் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரையாக, பிராங்பர்ட் நகரின் தலைமைக் குருவான பிலிப் யாகோப் ஸ்பேனர் 1675இல் எழுதிய 'பியா தெசிதேரியா' என்ற சிறுநூலே பியட்டிசம் எனப்படும் பக்தி விழிப்பு இயக்கத்தின் தொடக்க ஆவணமாகக் கொள்ளப்படுகிறது. திருச்சபைச் சீர்திருத்தத்துக்கு ஸ்பேனர் ஆறு வழிகளைக் கூறினார். பொதுமக்கள் வேதத்தைத் தாமே வாசித்தல், குருமார் அல்லாதவரும் ஆன்மீகப் பணியில் பங்குபெறுதல், கிறிஸ்தவம் அறிவில் அடங்காமல் நடைமுறையில் விளங்குதல், மாற்றுக் கருத்தினரிடம் அன்புடன் நடத்தல், குருமாணவரின் கல்வியில் நடத்தைக்கு இடமளித்தல், பிரசங்கங்கள் விசுவாசத்தையும் அதன் கனிகளையும் நோக்கமாகக் கொள்ளுதல் என்பன அவை. 1670 முதல் தம் வீட்டில் அவர் நடத்திவந்த சிறு கூட்டங்களில், கற்றவரும் எளியவரும் கூடி வேதத்தை வாசித்து, தம் நடத்தையைத் தாமே சோதித்துக்கொண்டனர். இக்கட்டத்தில் கனி என்பது தனிமனிதரின் உள்ளமாற்றத்துக்கு அடையாளம். அதை அளப்பவர் அவரும் அவருடைய சிறு குழுவினரும் மட்டுமே.

2. ஹாலே: தொண்டாகிய கனி

உள்நோக்கிய இந்தப் பக்தியை வெளிப்படையான நிறுவனமாக மாற்றியவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. லைப்சிக், எர்பர்ட் நகரங்களில் எதிர்ப்பைச் சந்தித்து வெளியேறிய இவர், 1692இல் ஹாலே நகரை அடுத்த கிளவுகா என்ற ஏழ்மை மிக்க ஊரின் குருவாகவும், புதிய பல்கலைக்கழகத்தின் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். 1695இல் தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த 4 தாலர் 16 குரோஷன் என்ற சிறு தொகையை முதலாகக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மருந்தகம், அச்சகம், நூல் விற்பனையகம் ஆகியவை அதைச் சூழ்ந்து எழுந்தன. 1710இல் கான்ஸ்டைன் பிரபு தொடங்கிய வேதாகமச் சங்கம் குறைந்த விலையில் வேதாகமத்தை அச்சிட்டு வழங்கியது. பிராங்கே இறந்த 1727இல் அங்குக் கல்வி பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைக் கடந்திருந்தது.

மறுபிறப்படைந்த ஒருவரின் வாழ்வு பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது பிராங்கேயின் கொள்கை. அதனால் கனி என்பது கண்ணால் காணத்தக்கதாயிற்று. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும் பசியாறிய ஏழைகளும் அதற்குச் சான்றாயினர். இதில் ஓர் இடரும் மறைந்திருந்தது. எண்ணத்தக்க கனியைப் பெருக்கிக் காட்டும் ஆவல் எளிதில் பிறக்கும். கொடையாளரின் ஆதரவைப் பெற ஹாலேயில் அச்சிடப்பட்ட மிஷன் அறிக்கைகள் பணியின் வளர்ச்சியை விரிவாக எடுத்துரைத்ததால், ஆன்மீகக் கனியும் பணியின் கணக்கும் ஒன்றாகவே பார்க்கப்படும் பழக்கம் தொடங்கியது.

3. தரங்கம்பாடி: கேட்போர் செய்த சோதனை

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் ஹாலே மாணவர்களான பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூச்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்துசேர்ந்தனர். அந்தத் துறைமுகத்தில் ஏற்கெனவே வாழ்ந்த ஐரோப்பியர் பெயரளவில் கிறிஸ்தவர்களே. ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசியது டேனிய ஆளுநர் ஹாசியஸுடன் இருந்த பகையை முற்றவைக்க, 1708இன் இறுதியில் அவர் சிறையிடப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். அவரைச் சிறையிட்டவரும் அவரைப் போலவே லுத்தரன் என்பது, கொள்கை ஒன்றாயிருந்தும் வாழ்வு வேறாக இருக்கலாம் என்று ஸ்பேனர் சுட்டிய குறைபாட்டைக் கடல் கடந்தும் மெய்ப்பித்தது.

சீகன்பால்கு தமிழரோடு நடத்திய உரையாடல்களும், 1712 முதல் 1714 வரை தமிழரிடமிருந்து திரட்டி ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பிய கடிதங்களும் இந்த வரலாற்றில் தனிச் சிறப்புடையவை. அவற்றில் தமிழர் கிறிஸ்தவப் போதனையை எடைபோட்டதோடு நில்லாமல், அதைப் பின்பற்றுவோரின் குடிப்பழக்கம், உணவு முறை, தூய்மைக் குறைவு, ஒழுக்கக்கேடு ஆகியவற்றையும் சுட்டிக்காட்டினர். இக்குற்றச்சாட்டுகளில் சில பண்பாட்டு வேறுபாட்டால் எழுந்தவை. ஆயினும் மரத்தைக் கனியால் அறியும் அதே அளவுகோலை, அந்த வேதத்தை நம்பாதவர்களே கையில் எடுத்துப் போதகர் பக்கம் திருப்பினர். பியட்டிசம் தன் குழுவுக்குள் வைத்திருந்த சோதனை இவ்வாறு பொதுவெளிக்கு வந்தது.

1718இல் கட்டிமுடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் உயர்சாதியினருக்கும் பறையருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டது. 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ் லுத்தரன் குருவானார். அதன்பின் இரண்டாம் குருவைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தபோது, தஞ்சை மன்னரின் படைவீரராயிருந்து, நற்செய்தி நூலைத் தமிழில் வாசித்து உபதேசியாரான ராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவருடைய உழைப்பையும் நற்சான்றையும் மிஷனரிகள் நன்கு அறிந்திருந்தும், பறையர் குடியில் பிறந்தவரிடமிருந்து உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெறமாட்டார்கள் என்று அஞ்சினர். 1741இல் தியோகு என்பவருக்கே குருப்பட்டம் அளிக்கப்பட்டது. கனி கண்முன்னே இருந்தும் பிறப்பு அதை மறைத்தது என்பதற்கு இத்தெரிவே தெளிவான சான்று.

4. தஞ்சை: நம்பிக்கைக்குரியவர் என்னும் அடையாளம்

1750இல் தரங்கம்பாடி வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றி, 1798இல் மறைந்த கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸின் வாழ்வில் கனி பற்றிய கருத்து மேலும் ஒரு பொருள் பெற்றது. 1779இல் சென்னை ஆங்கில அரசு ஐதர் அலியிடம் தூதனுப்ப முனைந்தபோது, ஐதர் அலி நம்பத்தக்கவராகக் கருதியது இவரையே. ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் சூழ்ந்தபோது, முன்பு கொடுத்த தானியத்துக்கு விலை பெறாத உழவர்கள் அரசின் சொல்லை நம்ப மறுத்து, சுவார்ட்ஸ் பிணை நின்றபின்னரே நெல் கொண்டுவந்தனர்.

இவருடைய மறைவுக்குப்பின் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனின் சலவைக்கல் புடைப்புச் சிற்பம் ஒன்றை நிறுவச்செய்தார். மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ் சாய்ந்திருக்க, மன்னர் அவர் கையைப் பற்றி நிற்க, சக மிஷனரி கெரிக்கே அருகிலும் பள்ளிச் சிறுவர்கள் கட்டிலின் ஓரத்திலும் நிற்பதாக அச்சிற்பம் அமைந்துள்ளது. சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தவர். மதமாற்றத்தைக் கனியாக எண்ணும் கணக்கில் அவர் இடம்பெறமாட்டார். ஆனால் ஒரு கிறிஸ்தவரின் வாழ்வுக்கு அவர் அளித்த சான்று சபைப் பதிவேடுகளுக்குக் குறைந்ததன்று.

ஞானஸ்நானம் அளிப்பதிலும் சுவார்ட்ஸ் நடத்தையை முன்வைத்தார். மராத்திய பிராமணக் கைம்பெண்ணான கிளாரிந்தா ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்த காலம் வரை அவருக்கு ஞானஸ்நானம் அளிக்க மறுத்து, அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் பாளையங்கோட்டையில் அளித்தார். கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்து, 1785இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்கிவருகிறது. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேரையே கொண்டிருந்த அச்சபையிலிருந்துதான் திருநெல்வேலித் திருச்சபை வளர்ந்தது.

5. பந்தியில் நடந்த சோதனை

19ஆம் நூற்றாண்டில் சாதியே மெய் விசுவாசத்தின் உரைகல்லாயிற்று. 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ், தம் மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார்; துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கத்தை நிறுவினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அதை ஏற்காமல் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் ஆராதனையை விட்டு விலகினர். சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்த 'பெத்லகேம் குறவஞ்சி' ஆசிரியர் வேதநாயக சாஸ்திரியார், சாதி உலகியல் வழக்கமே அன்றிச் சமயத்துக்கு மாறானதல்ல என்று வாதிட்டோரில் முதன்மையானவர்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பிற கிறிஸ்தவரோடு சேர்ந்து உண்ண இசைவதே சாதியைத் துறந்ததற்குச் சான்று என முடிவு செய்தது. தரங்கம்பாடிப் பணியை ஏற்றிருந்த லைப்சிக் மிஷனோ இதை ஏற்கவில்லை. நற்செய்தியின் ஆற்றலால் சாதி காலப்போக்கில் உதிரும், கட்டாயத்தால் வரும் மாற்றம் தடியால் அடித்துக் கனியவைத்த பழமாகவே இருக்கும் என்ற போக்கில் அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் கருதினார். இரு தரப்பினரும் கனியைக் குறித்தே பேசினர்; ஒரு தரப்பு அதை உடனே கேட்டது, மற்றது காத்திருக்கச் சொன்னது. ஆலயத்தில் பிரித்து அமர்த்தப்பட்டவர்கள் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும் என்பதற்குக் காத்திருக்கச் சொன்னவர்களிடம் விடை இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரபு தமிழர் கைக்கு மாறியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா முன்நின்று 1903இல் பாளையங்கோட்டையில் உருவாக்கிய இந்திய மிஷனரி சங்கம், திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குப் பணியாளரை அனுப்பியது. பெற்ற சபை கொடுக்கும் சபையாக மாறியதும் ஒரு கனியே. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா, மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, அவர்கள் இந்தியரைச் சமமான நண்பர்களாக நடத்தாததை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். இருநூறாண்டுக்கு முன் தரங்கம்பாடித் தமிழர் வெளியிலிருந்து செய்த சோதனையை, இப்போது சபைக்குள்ளிருந்தே ஒரு தமிழர் செய்தார். 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் இதற்கு நடைமுறை விடையாக அமைந்தது. அங்கே தமிழர் பெரியண்ணன் என்றும் ஐரோப்பியர் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். இருவரும் கதர் உடுத்தி, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர்.

முடிவுரை

இந்த வரலாற்றில் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, கனி பற்றிய கருத்து உள்ளத்திலிருந்து தொண்டுக்கும், தொண்டிலிருந்து பொதுவாழ்வுக்கும் படிப்படியாக விரிந்தது. இரண்டாவது, ஒரு கட்டத்தில் கிடைத்த தெளிவு அடுத்த கட்டத்தில் தானாக நிலைத்துவிடவில்லை. அநாதைகளைப் பேணிய அதே மரபு ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் மறுத்தது. மூன்றாவது, கனியை அளந்து சொன்னவர்கள் பெரும்பாலும் அதைத் தந்ததாக எண்ணியவர்கள் அல்லர். கடிதம் எழுதிய தரங்கம்பாடித் தமிழரும், நெல் கொடுத்த உழவரும், சரபோஜியும், அசரியாவுமே அதை அளந்தனர். பள்ளியும் மருத்துவமனையும் காணிக்கையும் தமிழ்ச் சபைகள் விரைந்து தந்த கனிகள். பிறப்பைப் பாராத சகோதரத்துவமோ கட்டளையிடப்பட்ட பின்னும் தாமதித்தே வந்த கனி. கல்லறைத் தோட்டத்திலும் திருமண உறவிலும் சாதி இன்னும் பல சபைகளில் தொடர்வதால், ஸ்பேனர் 1675இல் கேட்ட கணக்கு தமிழ்த் திருச்சபையில் இன்றுவரை தீர்க்கப்படவில்லை என்றே முடிவு செய்ய வேண்டியுள்ளது.