மதுரவாயலில் வாழ்ந்த குரோமோசோம் மேதை

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி போகிறவர்களுக்கு மதுரவாயல் என்றால் பைபாஸ் சந்திப்பும் மேம்பாலமும் போக்குவரத்து நெரிசலும்தான். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அது தாவரவியல் துறையின் கள ஆய்வுக்கூடம். 1970 முதல் 1984 வரை, தன் கடைசிப் பதினான்கு வருடங்களை அங்கே வாழ்ந்து கழித்தவர் இ.கே. ஜானகி அம்மாள். தாவரச் செல்லைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயர் அது.

செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. எண்ணுவது ஒரு பெரிய வேலையா? அந்த எண்ணிக்கைக்குள் ஒரு செடியின் குடும்ப வரலாறே ஒளிந்திருக்கிறது. அதை எப்படிப் படித்தார் என்று பார்ப்போம்.

செல்லிலிருந்து குரோமோசோம் வரை

1665ல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிரற்ற வெறும் சுவர்களைத்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய இன்னும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1831ல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் உட்கருவைக் கண்டு பெயரிட்டார். 1838ல் ஷ்லைடன் தாவரங்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்றார். அடுத்த வருடமே ஷ்வான் விலங்குகளுக்கும் அது பொருந்தும் என்றார். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கும் என்ற கருத்தை 1855ல் விர்ச்சோ பரப்பினார்.

அப்படியானால் ஒரு செல் இரண்டாகும்போது உட்கருவில் இருப்பது எப்படிப் பங்கிடப்படுகிறது? வால்தர் ஃபிளெமிங் சாயம் ஏற்றிப் பார்த்து, செல் பிரியும் நேரத்தில் உட்கருவில் நூல் போன்ற இழைகள் தோன்றுவதையும், அவை நீளவாக்கில் பிளந்து இரண்டு பக்கமும் போவதையும் 1882ல் விரிவாக எழுதினார். 1888ல் வால்டேயர் அந்த இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரோமோசோம் எண்ணிக்கை உண்டு. வெங்காயத்துக்கு 16, மக்காச்சோளத்துக்கு 20, மனிதனுக்கு 46. உடல் செல் பிரியும்போது எண்ணிக்கை மாறாது. மகரந்தமும் முட்டை செல்லும் உண்டாகும்போது மட்டும் பாதியாகக் குறையும். பிறகு இரண்டு பாதியும் சேர்ந்து பழைய எண்ணிக்கை வந்துவிடும். இதுதான் பொது விதி. இந்த விதியை மீறும் இடங்கள்தான் ஜானகி அம்மாளுக்குப் பிடித்தமான இடங்கள்.

எப்படி எண்ணுவார்கள்?

பிளஸ் டூவில் வெங்காய வேர் நுனியை வைத்துச் செய்முறை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வேகமாக வளரும் வேர் நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு, செல்களை அப்படியே நிறுத்திவிட வேண்டும். பிறகு சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து மெதுவாக நசுக்க வேண்டும். ஆயிரம் செல் கண்ணில் பட்டாலும், குரோமோசோம்கள் நன்றாகச் சுருங்கி நடுவில் வந்து நிற்கும் செல்லில்தான் எண்ண முடியும். வெங்காயத்தில் பதினாறை எண்ணுவதற்கே கண் வலிக்கும். ஜானகி அம்மாள் எண்ணிய கரும்பில் நூறுக்கும் மேல்!

தலைச்சேரியிலிருந்து மிச்சிகன்

அவர் 1897 நவம்பர் 4ல் தலைச்சேரியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் பகுதி. அப்பா நீதிபதி, செடிகொடிகளில் ஆர்வம் உள்ளவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1921ல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கு வழங்கும் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் நடந்த கல்யாணப் பேச்சை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். 1931ல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோவையின் கரும்பு

1934ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1912ல் தொடங்கிய அந்த நிலையத்தின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அவர் வேலை புரியும்.

அன்று இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. தடித்த, இனிப்பான கரும்பு நோய்க்கும் குளிருக்கும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலோ எதையும் தாங்கும், ஆனால் அதில் இனிப்பு இல்லை. நிலையத்தின் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் கோவையின் நாணலையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அது வட இந்திய வயல்களில் நன்றாக வந்தது. அதன் பிறகு வந்த ரகங்கள் இந்தியக் கரும்பின் தலையெழுத்தையே மாற்றின.

இதில் செல்லின் விளையாட்டு ஒன்று இருக்கிறது. தடித்த கரும்பின் குரோமோசோம் எண்ணிக்கை 80, கோவை நாணலுக்கு 64. இரண்டிலும் பாதி சேர்ந்தால் 40+32, அதாவது 72 வர வேண்டும். ஆனால் இந்த வகைக் கலப்பில் பெரும்பாலும் வருவது 112! தாய்க் கரும்பு தன் பாதியை அல்ல, முழு எண்பதையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் இனிப்பு அதிகம் தங்குகிறது, தந்தையின் வலிமையும் வருகிறது. இதை வயலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. செல்லைத் திறந்து எண்ணினால்தான் தெரியும்.

இப்படிக் குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மேல் பெருகி இருப்பதைப் பாலிபிளாய்டி என்கிறோம். தமிழில் பன்மடியம். ஜானகி அம்மாள் கரும்பையும் நாணல் வகைகளையும் எண்ணினார். நாணலிலேயே இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், 40 முதல் 128 வரை. கரும்பை மக்காச்சோளத்தோடும், கரும்புக்குத் தூரத்துச் சொந்தமான மற்றப் புல்வகைகளோடும் கலந்து பார்த்தார். கரும்பு–மக்காச்சோளக் கலப்பு பற்றிய அவருடைய குறிப்பு 1938ல் 'நேச்சர்' இதழில் வந்தது. புல் குடும்பத்துக்குள் யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்பதை இந்த வேலை காட்டியது.

கோவையில் அவர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. தனியாக வாழும் பெண், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் ஆண் சகாக்களிடம் பல சிக்கல்களைச் சந்தித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

குண்டு மழையில் ஒரு புத்தகம்

1939ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் உலகப்போர் வெடித்தது. திரும்ப முடியவில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் செல்லியலாளராகச் சேர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் பதுங்கிவிட்டு, காலையில் உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்ததாக அவருடைய உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த உழைப்பின் பலன், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945ல் வெளியிட்ட 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்'. மனிதன் பயிரிடும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்ணிக்கை ஒரே புத்தகத்தில்! அந்தச் சமயத்தில் மனிதனுடைய எண்ணிக்கையையே 48 என்று தவறாக நம்பிக்கொண்டிருந்தார்கள். 46 என்று திருத்தப்பட்டது 1956ல்தான். 1955ல் அட்லஸின் அடுத்த பதிப்பு வந்தபோது, டார்லிங்டனுக்குப் பக்கத்தில் இருந்தது வேறொருவரின் பெயர்.

1945ல் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்துக்கு மாறினார். அங்கே கோல்ச்சிசின் என்ற மருந்தைச் செடிகளில் பயன்படுத்தினார். நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கும் நச்சுப் பொருள்தான் அது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகளை அது உருவாகவிடாது. பிளந்த குரோமோசோம்கள் போக வழியில்லாமல் ஒரே உட்கருவில் தங்கிவிடும். எண்ணிக்கை இரட்டிப்பாகும். 38 குரோமோசோம் உள்ள ஒரு மக்னோலியா வகையை இப்படி இரட்டிப்பாக்கினார். அதில் ஒரு வகை இன்றும் 'ஜானகி அம்மாள்' என்ற பெயரில் வெள்ளைப் பூ பூக்கிறது.

காட்டுக்காக ஒரு கணக்கு

1951ல் நேரு அழைத்ததால் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. 1970 நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானியாகச் சேர்ந்து, மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். அங்கே மூலிகைத் தோட்டம் அமைத்தார். 1977ல் பத்மஸ்ரீ வந்தது.

அதே வருடங்களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் பெரிய விவாதமானது. எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாள் அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல், தண்ணீரில் மூழ்கப்போகும் அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முன்வந்தார்.

செல்லைப் பார்க்கிறவருக்குக் காட்டில் என்ன வேலை? யாரும் மதிக்காத நாணல் ஆற்றங்கரையில் இல்லாமல் போயிருந்தால் கோ 205 கிடைத்திருக்காது. ஒரு செடி அழிந்தால் அதன் உட்கருவுக்குள் பல லட்சம் வருடங்களாகச் சேர்ந்த செய்தியும் சேர்ந்து அழிகிறது. அதை எந்த ஆய்வுக்கூடமும் திரும்ப எழுத முடியாது. கரும்பில் கற்ற பாடத்தைத்தான் காட்டிலும் சொன்னார்.

1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் காலமானார். அதே வருடம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாத இடைவெளி. அவர் அதைப் பார்க்கவில்லை.

மத்திய அரசு இன்று தாவர வகைப்பாட்டியலுக்கு அவர் பெயரில் விருது வழங்குகிறது. கொடைக்கானல் ரோஜா வளர்ப்பாளர்கள் ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, அவர் வாழ்ந்த மதுரவாயல் வழியாகத் தினமும் கல்லூரிக்குப் போய்வரும் தாவரவியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? வேர் நுனியை நசுக்கி எண்ணும் செய்முறை வகுப்பில், ஆசிரியர்கள் ஐந்து நிமிடம் அவரைப் பற்றிச் சொன்னால்கூடப் போதும்.