ரப்பர் சக்கரமும் குவார்ட்ஸ் படிகமும்

யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயதானால் இறுகும், ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் பள்ளம் விழும். பழைய உயர்தர ரெக்கார்ட் பிளேயர் வாங்கும்போது இந்த அறிவு கைகொடுக்கும். உலகெங்கும் இன்றும் தேடி வாங்கப்படும் இரண்டை நம் மண்ணில் வைத்து ஒப்பிடுகிறேன். ஒன்று, 1950களில் இங்கிலாந்தின் சுவிண்டனில் பிறந்த காரார்ட் 301. மற்றது, 1979இல் ஜப்பானிலிருந்து வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2.

காரார்டில் மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் விளிம்புச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் சுழல்தட்டின் உள்விளிம்பை உரசி அதைச் சுழற்றும். டெக்னிக்ஸில் இடையாள் இல்லை. சுழல்தட்டே மோட்டாரின் ஒரு பகுதி. வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் காக்கிறது.

மின்சாரத்தில் முதல் வேறுபாடு தெரியும். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்டனுக்கென்று செய்த 301 இங்கே சரியாக ஓடும். அமெரிக்காவுக்குப் போன கருவியின் மோட்டார் தண்டில் 60 ஹெர்ட்ஸ் புல்லி இருந்தால் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். புல்லியை மாற்றியே ஆகவேண்டும். டெக்னிக்ஸில் ஆபத்து வேறு: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் கருவியை நேரே சொருகினால் கருகிவிடும். பின்புறம் ஒட்டிய தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மின்வெட்டும் காரார்டையே சோதிக்கும். தட்டு ஓடும்போது மின்சாரம் போனால் ரப்பர் சக்கரம் அழுந்தியபடியே நிற்கும். உடனே நெம்புகோலை அணைப்பு நிலைக்குத் தள்ளாவிட்டால் பள்ளம் விழுந்து, பிறகு சுற்றுக்குச் சுற்று 'டொக்' என்று கேட்கும். டெக்னிக்ஸுக்கு இந்தக் கவலையில்லை.

ஈரத்துக்கு இரண்டும் அஞ்ச வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காரார்டில் துருவும் இறுகிய கிரீஸும் கண்ணுக்குத் தெரியும். முதல் கால 301இன் பேரிங் கிரீஸ் கேட்கும், பின்னால் வந்தது எண்ணெய் கேட்கும். மாற்றிப் போடக் கூடாது. டெக்னிக்ஸின் பேரிங்குக்கு 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். ஆனால் அதன் மின்னணுப் பலகையில் நோய் வந்தால் வெளியே தெரியாது. களுகங்கை வெள்ளம் புகுந்த வீட்டுக் கருவியென்றால் இரண்டையும் கழற்றிப் பார்த்தே வாங்க வேண்டும்.

வாங்குமுன் சோதிப்பதும் வேறு வேறு. 180 கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டையைக் காரார்டின் மேல் வைத்துப் பழைய குண்டு பல்பின் கீழ் 33⅓ வேகத்தில் ஓட விடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. சிறு பிசகை அதன் காந்த பிரேக் திருகி சரிசெய்யும். டெக்னிக்ஸில் விளிம்புப் புள்ளிகளும் சிவப்பு விளக்கும் அதே வேலையைச் செய்யும். பல கருவிகள் டிஜேக்கள் கையில் அடிபட்டவை என்பதால் ஊசி தாங்கும் கையை மெல்ல அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செலவில் காரார்ட் பெரியது. ஆயிரக்கணக்கான டாலர் விலை போகிறது; கையும் தனியாக வாங்க வேண்டும்; மோட்டாரின் உறுமலை அடக்கக் கனத்த மரப்பீடமும் வேண்டும். பலாப் பலகைகளை அடுக்கி ஒட்டி நம்மூர்த் தச்சரே பீடத்தைச் செய்துவிடலாம். டெக்னிக்ஸ் கை, பீடம் எல்லாம் சேர்ந்தே வரும்.

ஆகவே முதலில் வீட்டுத் தட்டுப்பெட்டியைத் திறந்து பாருங்கள். அரக்குக் கலவையில் வார்த்த 78 வேகத் தட்டுகள் இருந்தால் காரார்டுதான்; எம்கே2வில் அந்த வேகமே இல்லை. அத்தட்டுகளுக்கு அகன்ற ஊசியும் தனியே வேண்டும். பெட்டியில் 45 வேக சினிமாத் தட்டுகளும் எல்பிக்களும் மட்டுமே என்றால், மழையும் மின்வெட்டும் மிகுந்த நம் மலைகளுக்கு டெக்னிக்ஸையே நான் சொல்வேன். தாத்தா விட்டுப்போன தட்டு எந்த வேகத்தில் பதிவானதோ, அந்த வேகத்தில்தான் அவர் கேட்ட குரல் திரும்ப வரும்.