படகைக் கண்டறியும் ட்ரோன்: தகவல் யாருக்குச் செல்கிறது?

கடலில் தத்தளிக்கும் படகை ஆளில்லா விமானத்தால் கண்டறிய முடியும். அதில் இருப்பவர்களைக் கரை சேர்க்க இயலாது. எனவே, அது அனுப்பும் இருப்பிடத் தகவல் யாரைச் சென்றடைகிறது என்பதே புலம்பெயர்வோர் மீட்கப்படுகிறார்களா, மறிக்கப்படுகிறார்களா என்பதைத் தீர்மானிக்கிறது.

மத்தியதரைக் கடலில் மீட்புப் பணிக்கு ட்ரோன்களைக் கொண்டுவந்தவர்களில் மால்டாவின் 'மோவாஸ்' தொண்டு அமைப்பு முன்னோடி. 2014-ஆம் ஆண்டு, 'ஃபீனிக்ஸ்' கப்பலில் 'கேம்காப்டர்' ரக ஆளில்லா விமானங்களை வைத்து அந்த அமைப்பு தேடுதலில் ஈடுபட்டது. படகைக் காணும் கருவியும் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் கப்பலும் அப்போது ஒருவரிடமே இருந்தன.

பின்னர் இந்தப் பிணைப்பு அறுந்தது. 2019 மார்ச்சில் 'சோஃபியா' நடவடிக்கையிலிருந்து கப்பல்களை விலக்கிக்கொண்ட ஐரோப்பிய ஒன்றியம், வான்வழிக் கண்காணிப்பை மட்டும் தொடர்ந்தது. ஐரோப்பிய எல்லைக் காவல் முகமையான ஃபிரான்டெக்ஸ், 2021 மே முதல் மால்டாவிலிருந்து 'ஹெரான்' ரக ஆளில்லா விமானத்தை இயக்கியது. இந்தக் கண்காணிப்பில் கிடைக்கும் தகவல், லிபியக் கடலோரக் காவல்படை படகுகளை மறிக்கவே உதவுவதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பார்டர் ஃபோரன்சிக்ஸ் ஆகிய அமைப்புகள் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் குற்றம்சாட்டின. உயிருக்கு ஆபத்து நேரும்போது உரிய மீட்பு மையங்களுக்குத் தகவல் தருவது சட்டக் கடமை என்பது ஃபிரான்டெக்ஸ் தரப்பு விளக்கம்.

ஆனால், அந்த மையங்களில் லிபியாவும் ஒன்று என்பதுதான் சிக்கல். 2021-இல் மட்டும் 32,000-க்கும் மேற்பட்டோர் கடலில் மறிக்கப்பட்டு லிபியாவுக்குத் திருப்பிக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குள்ள தடுப்பு மையங்களில் சித்திரவதையும் பணம் பறிப்பும் நடப்பதை ஐ.நா. பதிவு செய்துள்ளது. மீட்கப்பட்டவர்களைப் 'பாதுகாப்பான இடத்தில்' இறக்கிவிட்டால்தான் மீட்பு நிறைவடையும் என்கின்றன சர்வதேசக் கடல்சார் விதிகள்.

தமிழகக் கடற்பரப்பிலும் இத்தகைய விமானங்களுக்குத் தளம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள 'ஐஎன்எஸ் பருந்து' கடற்படைத் தளத்திலிருந்து பாக் நீரிணை, மன்னார் வளைகுடா பகுதிகள் கண்காணிக்கப்படுகின்றன. எனினும், அது எல்லைப் பாதுகாப்புக்கானதே தவிர, அகதிகளைத் தேடுவதற்கென அமைக்கப்பட்டதன்று.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் முதல் தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் தனுஷ்கோடியை ஒட்டிய மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன. படகோட்டிகள் திரும்பிவிட, குடிநீரின்றித் தவித்தவர்களை இந்தியக் கடலோரக் காவல்படையினர் ஹோவர்கிராஃப்டில் சென்று மீட்டனர். மணல் திட்டைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் கப்பல் நெருங்க முடியாது. மேலிருந்து பார்க்கும் கருவி பெரிதும் பயன்படக்கூடிய இடமும் அதுவே.

மீட்கப்பட்டோர் லிபியாவில் நடப்பதுபோல் நடத்தப்படவில்லை. விசாரணைக்குப் பின் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். ஆயினும், 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லாததால், கரையேறியவர்களின் நிலை அவ்வப்போது பிறப்பிக்கப்படும் அரசாணைகளையே சார்ந்துள்ளது.