அறுபது ஏக்கர் தோட்டமும் ஒரு பத்திரமும்

அடுக்குமாடி விளம்பரங்களைக் கவனிச்சிருக்கீங்களா? வீட்டைவிடத் தோட்டம்தான் பெருசா இருக்கும். பச்சைப் புல்வெளி, நடுவுல ஒரு மரம், மரத்தடியில பலூனோட ஒரு குழந்தை. அந்தப் புல்லுக்கு யார் சொந்தக்காரர், அந்தக் குழந்தை அங்க விளையாடலாமா கூடாதா என்பதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. அதெல்லாம் பத்திரத்துக்குள்ள எங்கேயோ பொடி எழுத்துல கிடக்கும்.

லாஸ் ஏஞ்சலீஸில் வில்லேஜ் கிரீன் என்று ஒரு காண்டோமினியம் குடியிருப்பு இருக்கிறது. 60 ஏக்கருக்கு மேல் நிலம், 629 வீடுகள், எல்லாவற்றுக்கும் நடுவே நீளமாக ஒரு பொதுத் தோட்டம். கட்டிடக்கலை படிக்கிறவங்க இதை வடிவமைப்புக்காகப் பார்க்கப் போவாங்க. எனக்கு இதில் பிடிச்சது வேற. பொதுத் தோட்டத்தைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அந்தப் பொடி எழுத்துதான்னு இவ்வளவு தெளிவா காட்டுற இடத்தை நான் வேறெங்கும் பார்க்கலை.

கதை லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கவில்லை. நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில், 1924இல் தொடங்குகிறது. கிளாரன்ஸ் ஸ்டீன், ஹென்றி ரைட் என்று இரண்டு கட்டிடக் கலைஞர்கள். இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்ட் கிளப்பிவிட்ட தோட்ட நகரம் என்ற யோசனையில் இரண்டு பேருக்குமே கிறுக்கு. சாதாரண வருமானக்காரர்களுக்கு நல்ல வீடு கட்டணும், லாபத்துக்கு ஒரு உச்சவரம்பு வைக்கணும் என்று தொடங்கிய சிட்டி ஹவுசிங் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்காக 77 ஏக்கரில் சன்னிசைட் கார்டன்ஸ் என்ற குடியிருப்பை 1928 வரை கட்டினார்கள். வீடுகள் எல்லாம் தெருவை ஒட்டி வரிசையாக. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு சின்ன சொந்தத் தோட்டம். அதையும் தாண்டினால் நடுவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு பெரிய முற்றம். தோட்டங்களை வடிவமைத்தவர் மார்ஜரி சூவல் காட்லி. நகரங்களைப் பற்றி நிறைய எழுதிய லூயிஸ் மம்ஃபோர்ட் இங்கேதான் 1925இலிருந்து 1936 வரை குடும்பத்தோடு வாழ்ந்தார்.

இப்ப பொடி எழுத்துக்கு வருவோம். அந்தப் பொது முற்றம் பார்க்கத்தான் பொது. பத்திரப்படி அது துண்டு துண்டாக அவரவர் மனைக்குள் அடக்கம். என் மனையின் கடைசித் துண்டு என் பேரில்தான் இருக்கும். ஆனால் அதை எல்லாரும் பயன்படுத்தலாம், நான் வேலி போடக்கூடாது என்று ஒரு பாத்தியதை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பாத்தியதைக்கு ஆயுள் 40 வருஷம்.

நம்ம ஆளுங்க சிலர் கோடு எழுதும்போது 'இது காலாவதி ஆகிறப்ப நாம இந்த ப்ராஜெக்ட்லயே இருக்க மாட்டோம்'னு ஒரு தேதியைப் போட்டுட்டுப் போவாங்க இல்லையா? அதேதான்.

1930களின் பெருமந்தத்தில் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. வேலை போனவர்களால் தவணை கட்ட முடியவில்லை. சேர்ந்து போராடியும் நிறைய பேர் வீட்டை இழந்தார்கள். வீடு கைமாறியதே தவிர முற்றம் அப்படியே இருந்தது. 1960களின் நடுவில் அந்த 40 வருஷம் முடிந்தது. முற்றத்தில் வேலிகள் முளைத்தன. 'இதுவரைக்கும் என்னோடது' என்று அளந்து கம்பி போட்டுவிட்டார்கள். சிலர் கார் நிறுத்த வழி பண்ணிக்கொண்டார்கள். பெருமந்தத்தையும் உலகப் போரையும் தாண்டி வந்த தோட்டம், ஒரு தேதியைத் தாண்டமுடியாமல் உடைந்தது. 1974இல் நியூயார்க் நகராட்சி அதைத் தனிப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது, 2007இல் வரலாற்றுப் பகுதியாகவும் அறிவித்தது. அதற்குள் நிறைய இடத்தில் வேலி விழுந்திருந்தது.

சன்னிசைடுக்கு அப்புறம் ஸ்டீனும் ரைட்டும் நியூஜெர்சியில் 1929இல் ராட்பர்ன் என்ற ஊரைத் தொடங்கினார்கள். கார் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் அங்கே புதுசு. குழந்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கார்கூடக் குறுக்கே வரக்கூடாது. பெருமந்தம் அதையும் பாதியில் நிறுத்தியது. ரைட் 1936இல் இறந்துபோனார்.

அந்த யோசனை முழுசாக நிறைவேறியது அமெரிக்காவின் மறுகோடியில். லாஸ் ஏஞ்சலீஸில் பால்ட்வின் ஹில்ஸ் என்ற குன்றுகளுக்கு அடிவாரத்தில் பெரிய காலி நிலம் கிடந்தது. (1932 ஒலிம்பிக்ஸுக்கு வந்த வீரர்களைத் தங்கவைத்த கிராமம் இந்தக் குன்றுகளில்தான் இருந்தது.) ரெஜினால்ட் ஜான்சன் என்பவர் தலைமையில் உள்ளூர்க் கட்டிடக் கலைஞர்கள் சேர்ந்தார்கள். ஜான்சன் அதுவரை பணக்காரர்களுக்கு மாளிகை கட்டியவர். சான்டா பார்பராவில் 1927இல் திறந்த பில்ட்மோர் ஹோட்டல் அவர் கைவண்ணம்தான். அப்படிப்பட்டவர் திடீரென்று நடுத்தர வர்க்க வாடகை வீடு பக்கம் திரும்பினார். ஸ்டீன் ஆலோசகர். தோட்டத்துக்கு ஃப்ரெட் பார்லோ, ஃப்ரெட் எட்மன்ட்சன். 1941, 42இல் ஆட்கள் குடிவந்தார்கள். அப்போதைய பெயர் பால்ட்வின் ஹில்ஸ் வில்லேஜ்.

இதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். நிலத்துக்கு நடுவில் ஒரு தெருகூடக் கிடையாது. தெரு எல்லாம் ஓரத்தோடு நின்றுவிடும். ஓரத்திலிருந்து விரல் மாதிரி உள்ளே நீளும் முற்றங்களில் கார் ஷெட், துணி துவைக்கிற இடம். கார், குப்பை, துணி எல்லாம் அந்தப் பக்கத்தோடு சரி. வீட்டின் மறுபக்கக் கதவைத் திறந்தால் தோட்ட முற்றம். அதில் நடந்தால் மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று பெரிய புல்வெளிகள் ஒன்றோடொன்று தொடரும். சிகமோர் மரங்கள், ஆலிவ் மரங்கள். எந்தக் கட்டிடமும் இரண்டு மாடிக்கு மேல் இல்லை. ஏக்கருக்குச் சராசரியாகப் பத்து வீடுதான். இன்றைக்கு ஒரு பில்டரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் மயக்கம் போட்டுவிடுவார் :-)

நிறைய வீடுகளுக்கு வேலியடைத்த சின்ன சொந்த முற்றமும் உண்டு. நைட்டியோடு உட்கார்ந்து காபி குடிக்க அது போதும். அதற்கு வெளியே காலை வைத்தால் எல்லாருடைய இடம். வீட்டுக்கு வீடு இரண்டு பக்கமும் வாசல் இருப்பதால், காரில் வருகிறவர் ஒரு பக்கம் நுழைவார், நடந்து வருகிறவர் இன்னொரு பக்கம் கதவைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காமலே வாழவும் முடியும், தினமும் புல்வெளியில் பார்த்துப் பேசவும் முடியும். விருப்பம் உங்களோடது. பெரும்பாலான குடியிருப்புகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

குழந்தைகள் விளையாட என்று திட்டத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். காரை ஓரங்கட்டியதே அதற்காகத்தானே. இதை மறந்துடாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

ரொம்பவும் புகழ்ந்துவிட்டேன், இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்பத்தில் இங்கே கறுப்பின மக்களுக்கு வீடு கிடையாது. இந்த மாதிரித் திட்டங்களின் கடனுக்குக் காப்பீடு கொடுத்த கூட்டாட்சி வீட்டுவசதி அமைப்பே அன்றைக்கு இனக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தது. பத்திரத்தில் எழுதும் அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. ஆனாலும் நிலைமை மாற இன்னும் பல வருஷம் பிடித்தது. இன்றைக்குச் சுற்றுவட்டாரமே கறுப்பினப் பண்பாட்டுக்குப் பேர்போன பகுதி. ஓரத்தில் ஓடும் ரோடியோ ரோடு 2019இல் ஒபாமா புலவார்டு ஆகிவிட்டது.

1963 டிசம்பர் 14, சனிக்கிழமை. குன்றின் மேல் நகரத்தின் குடிநீர்த் தேக்கம் ஒன்று இருந்தது. 1951இல் கட்டி முடித்தது. காலையில் காவலாளி கசிவைக் கவனித்துச் சொல்ல, போலீஸ் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பியது. மாலை மூன்றரை மணிக்கு மேல் கரை உடைந்தது. சுமார் 25 கோடி காலன் தண்ணீர். ஐந்து பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஹெலிகாப்டரிலிருந்து அதை நேரடியாகக் காட்டியது. அடிவாரத்தில் இருந்த வில்லேஜுக்குள் சேறும் கார்களும் வந்து குவிந்தன. பக்கத்து எண்ணெய் வயலில் எடுத்த எண்ணெயால் நிலம் தாழ்ந்ததும் அடியில் இருந்த பிளவும்தான் காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தேக்கத்தை மறுபடி கட்டவில்லை. அந்தக் குழி இன்று ஒரு பொதுப் பூங்காவின் பகுதி. வில்லேஜைச் சுத்தம் பண்ணி எடுத்தார்கள். 1972இல் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் கழகம், காலத்தைத் தாங்கிய கட்டிடங்களுக்குத் தரும் இருபத்தைந்து ஆண்டு விருதை இதற்குக் கொடுத்தது.

அடுத்த வருஷமே வந்தது உண்மையான திருப்பம். 1973இல் வாடகை வீடுகளைக் காண்டோமினியமாக மாற்றி ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார்கள். பெயரும் வில்லேஜ் கிரீன் ஆனது. அதுவரை ஒரே முதலாளி, இனிமேல் 629 சொந்தக்காரர்கள். சன்னிசைடில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கணும் இல்லையா?

நடக்கவில்லை. காரணம் காண்டோ சட்டம். சென்னையில் பிளாட் வாங்கியவர்களுக்கு யூடிஎஸ் என்றால் தெரியும், பிரிபடாத பங்கு. அதே சங்கதிதான். வீட்டின் உள்ளே மட்டும் உங்களுக்குத் தனியாகச் சொந்தம். நிலம், மரம், புல் எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் எந்தப் பங்கு எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்டமுடியாது. எல்லை தெரிந்தால்தானே வேலி? சன்னிசைடில் நிலத்தைப் பிரித்துவிட்டுப் பயன்பாட்டைப் பொதுவாக்கினார்கள். இங்கே நிலத்தையே பிரிக்கவில்லை. 40 வருஷத் தேதியும் இல்லை. ஒரு பெரிய புல்வெளி பிழைத்ததற்கு இந்த ஒரே ஒரு வித்தியாசம் போதும்.

ஆனால் அதே சமயம் பில்டர் பதிவு செய்த விதிமுறைப் பத்திரத்தில் இன்னொரு வரியும் இருந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இங்கே குடியிருக்கக்கூடாது.

ஆமாம், குழந்தை கூடாது. குழந்தை ஓடி விளையாடக் காரை ஓரங்கட்டிய தோட்டத்தில்! அன்றைக்குக் கலிபோர்னியாவில் இது ஒன்றும் அபூர்வமில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்பதைச் சிறப்பம்சமாகவே விளம்பரம் செய்வார்கள். அமைதி, பளிச்சென்ற புல், சத்தமில்லாத மதியம்.

1975இல் ஒரு தம்பதி அங்கே வீடு வாங்கினார்கள். 1979இல் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை இங்கே இருப்பது விதிமீறல், இனி இருக்கக்கூடாது என்று உரிமையாளர் சங்கத்திலிருந்து எழுத்துமூலம் நோட்டீஸ் வந்தது. நினைச்சுப் பாருங்க, சொந்த வீட்டுக்குள்ள, கைக்குழந்தைக்கு நோட்டீஸ்! வேற வீடு தேடினார்கள், அமையவில்லை. வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. முந்தைய வருஷம்தான் அதே நீதிமன்றம், குழந்தை இருக்கிறது என்பதற்காக வாடகைக்கு விட மறுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தது. ஆனால் அந்தச் சட்டம் வணிக நிறுவனங்களுக்கானது. குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்தும் சங்கம் எப்படி வணிக நிறுவனம் ஆகும்? அதுதான் கேள்வி. 1983இல் தீர்ப்பு வந்தது. சங்கம் கட்டணம் வசூலிக்கிறது, பராமரிக்கிறது, காப்பீடு எடுக்கிறது. ஒரு வீட்டு முதலாளி செய்யும் எல்லாக் காரியத்தையும் செய்கிறது, அதனால் சட்டம் இதற்கும் பொருந்தும் என்றார்கள். வயது விதி செல்லாமல் போனது. வழக்கு தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்தவன் தீர்ப்பு வந்தபோது நடந்து ஓடிப் பேசுகிற பையன். 1988இல் குழந்தையுள்ள குடும்பங்களை ஒதுக்குவதை மூத்தோர் குடியிருப்புகள் தவிர்த்து நாடு முழுவதும் தடை செய்து கூட்டாட்சிச் சட்டமும் வந்தது.

சங்கத்தை வெறும் வில்லனாகப் பார்க்கவும் மனசு வரலை. 629 பேரிடம் மாசாமாசம் மெயின்டனன்ஸ் வசூல் பண்ணி, எண்பது வருஷத்துக் குழாயையும் மரத்தையும் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலையா என்ன? நம்ம அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு வாட்டர் டேங்க் விஷயத்துக்கே நாற்காலி பறக்குது. இவர்கள் பராமரித்ததால்தான் 1993இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டிலும், 2001இல் அதற்கும் மேலான தேசிய வரலாற்றுச் சின்னங்கள் வரிசையிலும் அந்த இடம் சேர்ந்தது.

இப்போதைய கவலை தண்ணீர். கலிபோர்னியாவின் வறட்சிகளைப் பற்றித் தெரியும்தானே. 2023இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். உரிமையாளர் சங்கங்களின் பொது இடத்தில் அழகுக்கு மட்டுமே இருக்கும் புல்லுக்கு 2029 ஜனவரி 1 முதல் குடிநீர் ஊற்றக்கூடாது. மரங்களுக்கு ஊற்றலாம். புல்லிலும் ஒரு விலக்கு உண்டு: விளையாட, ஒன்றுகூட என்று உரிமையாளர்கள் ஒதுக்கி வைத்த புல்வெளி இதில் சேராது. ஆக, இந்த முறை சங்கத்தின் விதிமுறையில் எழுதவேண்டிய வரி, இங்கே யாரெல்லாம் வந்து விளையாடலாம் என்பது.