கோயில் முற்றத்துக் கூத்து

கலை என்பது வயிறு நிறைந்தோரின் ஓய்வுநேரத்திற் பிறப்பது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு கூறும் நூல்களைப் புரட்டினால், அரசவைப் புலவர், மடத்துப் பண்டிதர், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றவர் ஆகியோரையே பெரிதும் காண்கிறோம். பகலில் வலை பொத்தி, இரவில் கோயில் முற்றத்தில் மன்னனாக முடிதரித்து நின்ற குருநகர், பாஷையூர், பேசாலைத் தொழிலாளிக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பேனும் கிடைப்பது அரிது. அவனை ஈண்டு நினைவுகூர விரும்புகிறோம்.

கரையோர மக்கள் கத்தோலிக்கரானது போர்த்துக்கேயர் காலத்தில். ஆனால் அவர்களுடைய சமூக வாழ்வு உருப்பெற்றதைப் புரிந்துகொள்ள ஒல்லாந்தர் காலத்தையே கூர்ந்து நோக்க வேண்டும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாடுகடத்தினர். குருவுக்குப் புகலிடம் கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று சட்டமும் இயற்றினர். கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலை மக்களிடையே தங்கியது 1687 இல். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு தலைமுறையின் காலம். குருவில்லை, பூசையில்லை. இருந்தவர் மீனவரும் உழவருமே. செபங்களைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தவரும், திருநாட்களை மறவாது வைத்திருந்தவரும் அவர்களே. தம் சமயவாழ்வைத் தாமே நடத்திக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது. சபை என்பது தம்முடைய கைவேலை என்ற உணர்வு இங்கேதான் ஊன்றியிருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1705 இல் இலங்கைக்கு வந்து, 1742 இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்குவித்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் இவ்வுணர்வை நன்கறிந்தவர் போலும். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் துயரந் தோய்ந்த இராகத்தில் இசைக்கப்பட்டது. இதைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) கூடும்வரை பலிபூசை இலத்தீன் மொழியிலேயே நடந்தது. பீடத்தில் குருவானவர் ஓதியது பாமரனுக்கு விளங்காது. தன் துயரத்தையும் கிறிஸ்துவின் துயரத்தையும் அவன் தன் மொழியிற் கலந்து பாடியதற்குரிய இடங்கள் பிரசங்கமும் பசாமும் கூத்துமே. கோயிலுக்குள்ளே இலத்தீன், முற்றத்திலே தமிழ்.

இக்கூத்துக்கள் பாதிரிமார் மதம் பரப்புவதற்கு வகுத்த கருவிகள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. கதை அவர்களிடமிருந்து வந்தது உண்மையே. 'என்றிக் எம்பரதோர்' என்ற நாடகப் பெயரில் உள்ள 'எம்பரதோர்' பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லன்றி வேறில்லை. ஆனால் அந்தப் பேரரசன் எப்படி வருகிறான்? கட்டியக்காரன் முன்னே வந்து கட்டியங்கூற, மத்தளமும் தாளமும் முழங்க, தன் வரவை விருத்தத்திலும் தருவிலும் தானே பாடிக்கொண்டு வருகிறான். பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திப் பாடுகின்றனர். ஐரோப்பாவின் எந்த மடத்திலும் இது கற்பிக்கப்படவில்லை. கூத்தும் மத்தளமும் இம்மக்களிடம் ஏற்கெனவே இருந்தவை. கரைவலை இழுக்கும்போது ஒருவன் முன்னே பாட மற்றவர் ஏந்திப் பாடும் அம்பாவைக் கேட்டவர்க்குப் பிற்பாட்டு ஒன்றும் புதியதன்று.

கூத்து ஒன்று அரங்கேறும் முறையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். திருவிழாவை ஒட்டியோ, புனிதருக்கு வைத்த நேர்த்தியாகவோ ஊர் கூடித் தீர்மானிக்கும். அண்ணாவியார் கொப்பியை எடுப்பார். குரலும் தோற்றமும் பார்த்து ஆட்களைத் தெரிவார். எழுத வாசிக்கத் தெரியாதவனும் நூற்றுக்கணக்கான பாடல்களைக் காதாற் கேட்டே மனனஞ் செய்வான். தொழில் முடிந்த இரவுகளிற் பல மாதம் பழக்கம் நடக்கும். உடுப்புக்கும் கொட்டகைக்கும் விளக்குக்கும் ஊரே செலவு செய்யும். மன்னாரில் 'நாடகம்' என்பது ஓரிரவில் முடியாத நீண்ட ஆட்டம். அதனை ஓரிரவுக்குச் சுருக்கியதே 'வாசாப்பு'. சுருக்கும்போது எதை விடுவது, எதை வைத்திருப்பது என்று முடிவு செய்வதற்கு நுண்ணிய கலைத்தீர்ப்பு வேண்டும். அந்தத் தீர்ப்பை வழங்கியவர்கள் பல்கலைக்கழகம் பாராதவர்கள்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இக்கூத்துக்களில் முடிமன்னரே மிகுதி. வலைக்காரன் தன் வறுமையை அரங்கிற் பாடியது குறைவு. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். விடியும்வரை கண்விழித்துப் பார்ப்பதோடு பெண்களின் பங்கு முடிந்தது. ஒரே கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. எனினும் மன்னர் கதைகளுக்கிடையே மக்கள் தெரிந்தெடுத்த ஒரு கதை கவனத்துக்குரியது. திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்து, கிறிஸ்தவரானதால் சிறைப்பட்டு, 1752 இற் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் சாதி வேற்றுமை பாராது யாவரோடும் பழகியவர். உரோமாபுரி அவரைப் புனிதரென அறிவித்தது 2022 மே 15 இல். அதற்கு முன்னர் அவருடைய பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப்பட்டத்தையும் நீக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கரையோரத்திலோ இந்த அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்னரே அவர் கூத்தின் நாயகர்.

இனி, நம் ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் வகுப்பறையில் அதிகம் பேசாத ஒரு செய்தி. மன்னாரில் 'மூவிராசாக்கள் வாசாப்பு' ஆடப்பட்டது. தமிழும் சிங்களமும் கலந்து வழங்கிய சிலாபத்தில் அதே மூன்று அரசர்களின் கதை 'ராஜதுன்கட்டுவ' என்ற பெயரிற் சிங்களத்தில் அமைந்தது. அதனை இயற்றியவராகக் கூறப்படும் கபிரியேல் பெர்னாந்து கத்தோலிக்கர். சிங்கள 'நாடகம' மரபின் முன்னோடியெனப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ தொழிலாற் கொல்லர். 'நாடகம' என்ற பெயரே நம் நாடகந்தான். தமிழ்க் கூத்துக்கும் இச்சிங்கள மரபுக்குமுள்ள உறவை ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. அம்மரபில் ஊறிய தென்கரையோர ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையோடு அவர் 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். அது கொழும்பில் மேடையேறியது 1956 நவம்பரில். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டு யூலையில்! ஆட்சியாளர் மொழியால் நாட்டைப் பிளந்த ஆண்டில், சிங்களப் பார்வையாளர் வரவேற்ற இசையில் மீனவரதும் கொல்லரதும் கோயில் முற்றம் ஒலித்தது. அதனைச் சுட்டிக்காட்ட அன்றைய அரசியல் மேடைகளில் எவருக்கும் மனமிருக்கவில்லை.

தமிழர் பக்கத்தில் இச்செல்வத்தைக் கற்றோர் கவனத்துக்குக் கொண்டுவந்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனைச் சாரும். 1964 இல் 'என்றிக் எம்பரதோர் நாடகம்', 1966 இல் 'மூவிராசாக்கள் வாசாப்பு', 1967 இல் 'ஞானசவுந்தரி நாடகம்' என அவர் பதிப்பித்த நூல்கள் இல்லையேல் நம் கையில் மிஞ்சியது சொற்பமே. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் திருப்பாடுகளின் நாடகங்களோடு கூத்தையும் மேடையில் வாழவைத்தது.

பின்னர் வந்தது போர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ணவும் நேரமிருக்கவில்லை. கொப்பிகள் இருந்த பெட்டிகளை யார் சுமந்திருப்பார்? திருப்பாடுகளின் காட்சிக்குப் பேர்போன பேசாலையில், 2006 யூன் 17 அன்று, கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீதே குண்டு வீசப்பட்டது. முற்றத்தில் அரங்கு கட்டி ஆடிய ஊருக்கு அதே கோயில் புகலிடமாகி, அப்புகலிடமும் பறிபோனது.

அச்சான நூல்கள் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. பாட்டின் தலையில் தரு, விருத்தம், கொச்சகம் என்று குறித்திருக்கும். அந்தத் தருவை எங்கே இழுப்பது, எங்கே நிறுத்தி மத்தளத்துக்கு இடம் விடுவது என்பது அண்ணாவியாரின் தொண்டையில் மட்டுமே உள்ளது. இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. குருநகரிலும் பாஷையூரிலும் பேசாலையிலும் ஒரு முழுக்கூத்தையும் மனத்தில் வைத்திருக்கும் முதியவர்களை விசாரித்துச் செல்வதற்கு ஒரு விடுமுறை போதும். வயதிற் கூடியவர்களிடம் முதலிற் போக வேண்டும்.