தோட்டத்துக்கு வடிகால் வந்த கதை

கிள்ளானில் 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றவர் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். முப்பது வயதுகூட நிரம்பாதவர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. பல மூத்த மருத்துவர்களே அதை அரைமனதோடு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரே ஆண்டில் கிள்ளான் நகரிலிருந்து மட்டும் 334 பேர் மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்று போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். சதுப்புக் காட்டை வெட்டி எழுப்பிய இடம். திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்துவிட்டது. வாட்சன் சொன்ன மருந்து எளியது: காட்டை வெட்டுங்கள், சதுப்பு நீரை வடியவிடுங்கள், குட்டைகளைத் தூர்த்துவிடுங்கள். அரசு பணம் கொடுத்தது. 1905இல் கிள்ளானிலிருந்து மலேரியாவோடு வந்தவர்கள் 12 பேர், துறைமுகத்திலிருந்து 11 பேர். பிரிட்டிஷ் பேரரசில் கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிய முதல் வெற்றிகளில் ஒன்று இது.

ஆனால் அதே பதிவேட்டில் இன்னொரு வரிசையும் இருந்தது. நகரமும் துறைமுகமும் நீங்கலாக மாவட்டத்தின் மற்றப் பகுதிகள். 1901இல் அங்கே 197 பேர். 1905இல் 353 பேர். கதை அந்த வரிசையில்தான் தொடங்குகிறது.

அது ரப்பர் வந்த காலம். கிள்ளானைச் சுற்றிக் காடு விழுந்துகொண்டே இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். ஊரில் பஞ்சத்தால் ஏற்கெனவே மெலிந்த உடம்புகள், இங்கே வந்ததும் புதுக் காட்டின் கொசுக்கடி. 1911இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு 60 பேருக்கும் மேல் ஓராண்டில் செத்தார்கள். லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு அள்ளிக் கொடுத்த அதே ரப்பர்ச் செழிப்புக் காலத்தின் கணக்கு இது.

துரைமார்களின் மனம் இதைப் பார்த்து இளகியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இளகிய ஒருவர் இருவர் இருந்திருக்கலாம். மாறியது சட்டமும் கணக்கும். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி வந்தது. ஆள் வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அதில் பணம் கட்ட வேண்டும். தொழிலாளியின் கப்பல் செலவு அதிலிருந்து போகும். 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவன் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். காகிதத்தில் இருந்த அளவு நடைமுறையில் இல்லைதான். கங்காணியிடம் பட்ட கடன் காலைக் கட்டும். ஆனாலும் ஓர் இடத்தில் சாவு கூடினால் மற்றவர்கள் இரவோடிரவாக மூட்டை கட்டிவிடுவார்கள். காய்ச்சல் தோட்டம் என்று பெயர் வாங்கிய இடத்துக்குக் கங்காணியாலும் ஆள் பிடிக்க முடியாது. பால் வெட்ட ஆளில்லாத மரத்தில் இலாபம் ஏது? 1912இன் தொழிலாளர் சட்டத்தொகுப்பு ஆஸ்பத்திரியையும் முதலாளியின் பொறுப்பாக்கியபோது, கம்பெனிகளில் புத்திசாலிகள் ஏற்கெனவே வாட்சனைத் தேடிப் போயிருந்தார்கள். அவரும் அரசு வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மருத்துவராகியிருந்தார்.

கரையோரத் தாழ்நிலத் தோட்டங்களில் கிள்ளான் வைத்தியமே பலித்தது. அங்கே நோய் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மரம் போய், நீர் வடிந்து, வெயில் விழுந்தால் அது இல்லாமல் போகும். நம்பிக்கையோடு அதே முறையைக் குன்றுப் பாங்கான தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். பள்ளத்தாக்கு ஓடைகளை மூடியிருந்த காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது! குன்றுப் பகுதியில் காத்திருந்தது அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறு கொசு. அதற்கு வேண்டியது தெளிந்து ஓடும் நீர், அதன்மேல் நல்ல வெயில். காட்டை வெட்டியவர்கள் தங்கள் கையாலேயே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே திட்டத்தை அச்சடித்து அனுப்பும் தலைமை அலுவலகங்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாட்சன் கண்ட வழி விசித்திரமானது. ஓடையை மண்ணுக்கடியில் புதைப்பது. சுட்ட மண் குழாய்களைப் பள்ளத்தாக்கின் அடியில் வரிசையாகப் பதித்து மேலே மூடிவிட்டால் ஊற்று நீர் உள்ளேயே ஓடிவிடும். கொசுவுக்கு வெயில் பட்ட நீரே கிடைக்காது. பத்து தீகா பக்கமிருந்த சீஃபீல்டு தோட்டத்தில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. சுபாங் ஜெயாவும் யு.எஸ்.ஜே.யும் இன்று எழுந்து நிற்பது அந்தத் தோட்ட நிலத்தில்தான். குழாய்க்குச் செலவு பிடிக்கும். ஆகவே புதைக்க முடியாத இடங்களில் நீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக இறங்கி எண்ணெய் அடித்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்களே. பெயர் நின்றது வாட்சனுக்கு. 1924இல் சர் பட்டமும் கிடைத்தது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. லயத்தைச் சுற்றிச் சுமார் அரை மைல் வட்டத்தில் கொசு பிறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று வாட்சன் கணக்கிட்டார். அரை மைல் என்றால் பல இடங்களில் அது தோட்ட எல்லையைத் தாண்டும். பக்கத்துக் கம்பத்தின் பள்ளம், அடுத்த கம்பெனியின் ஓடை எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும். தன் ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் அயலானின் நீரையும் கவனித்தாக வேண்டும். சமூகப் பொறுப்பு என்று யாரும் அதற்கு அன்று பெயர் வைக்கவில்லை.

சாவு விகிதம் அடுத்த ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரட்டு நேரத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொயினா கொடுப்பது வழக்கமானது. டிரசர், தோட்ட ஆஸ்பத்திரி, ஆயாக் கொட்டகை, பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு தமிழ்ப் பள்ளி என்று தோட்ட வாழ்க்கைக்கு ஓர் உருவம் வந்தது. ஆள் அரிதாக இருந்தவரை அந்த அக்கறைக்கு ஒரு பிடிப்பு இருந்தது. 1930இல் ரப்பர் விலை விழுந்து ஆள் மிஞ்சியதும், மூன்றே ஆண்டுகளில் இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னே நின்றார். சீனருக்கு இணையான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் இருக்கும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை என்று கோரிக்கைகள் நீண்டன. ஒழுங்கான மருத்துவ வசதி என்பதும் அவற்றுள் ஒன்று. மே மாதம் நாதனைக் கைது செய்து பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் துருப்புகள் இறங்கின. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.